போட்டுப் பார்த்தால் விடை பொருந்துகிறது, ஆனாலும் தவறு: ஆக்டேவில் மூன்று கணக்குகள்

கேள்வி: முதலாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். கையால் போட்டுப் பழகிய கணக்குகளையே ஆக்டேவ் மென்பொருளிலும் செய்து பார்க்கும்படி பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டளைகள் ஓரளவு புரிந்துவிட்டன. இருந்தும் மூன்று கணக்குகள் மூன்று விதமாக என்னை நிறுத்தி வைத்திருக்கின்றன.

முதலாவது, மூன்று கண்ணிகள் கொண்ட மின்சுற்று. முதல் கண்ணியில் 12 வோல்ட் மின்கலமும் 2 ஓம் மின்தடையும் இருக்கின்றன. முதல் கண்ணிக்கும் இரண்டாவதற்கும் பொதுவாக 4 ஓம், இரண்டாவதில் மட்டும் 6 ஓம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவாக 4 ஓம், மூன்றாவதில் மட்டும் 4 ஓம். மூன்று மின்னோட்டங்களும் வலஞ்சுழியாகச் செல்வதாகக் கொண்டு, கீழ்க்கண்டவாறு தட்டச்சு செய்தேன்:

[6 4 0; -4 14 -4; 0 -4 8] \ [12; 0; 0]

1.6364, 0.5455, 0.2727 ஆம்பியர் என்று விடை வந்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் 2.5714, 0.8571, 0.4286 என்று இருக்கிறது. சந்தேகம் தீர, கிடைத்த விடையை அதே அணியால் பெருக்கி, வலப்பக்கத்தைக் கழித்தும் பார்த்துவிட்டேன்; மீதி பூச்சியம். ஆகவே புத்தகத்தில்தான் அச்சுப்பிழை என்று நினைக்கிறேன். சரிதானா?

இரண்டாவது, 1 மீட்டர் ஆரமும் 0.6 ஒப்படர்த்தியும் கொண்ட பந்து நீரில் எவ்வளவு ஆழம் மூழ்கி மிதக்கும் என்பது. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி எழுதிச் சுருக்கினால், ஆழத்தின் மும்மடியிலிருந்து இருமடியின் மூன்று மடங்கைக் கழித்து 2.4-ஐக் கூட்டினால் பூச்சியம் என்ற முப்படிச் சமன்பாடு வருகிறது. கெழுக்களை [1 -3 2.4] என்று ரூட்ஸ் கட்டளைக்குக் கொடுத்தேன். மெய்ப்பகுதி 1.5, கற்பனைப் பகுதி 0.3873 கூட்டியும் கழித்தும் இரண்டு கலப்பெண்கள் வந்தன. ஒரு பந்து கற்பனை ஆழத்தில் எப்படி மிதக்கும்?

மூன்றாவது, 12 வோல்ட்டால் மின்னேற்றம் பெறும் மின்தேக்கி; நேர மாறிலி 2 வினாடி. 2 வினாடி முடிவில் மின்தேக்கியின் மின்னழுத்தத்தை, நேரத்தைச் சிறு படிகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஆய்லர் முறையில் காண வேண்டும். நேரம் 2-க்குச் சமமாகும் வரை சுற்றும்படி மடக்கு எழுதினேன். படியை 0.5 வினாடி என்று வைத்தபோது 8.2031 வோல்ட் என்று காட்டி ஒழுங்காக நின்றது. துல்லியம் கூடட்டும் என்று 0.1 வினாடியாக மாற்றியதும் நிற்கவே இல்லை. நானே குறுக்கிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. படியின் அளவைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை.

தாளில் செய்திருந்தால் இந்த மூன்றிலும் இப்படித் தடுமாறியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. இந்தக் கருவி தரும் விடையை எதை வைத்து நம்புவது?

---

மறுமொழி 1: கண்ணிப் பகுப்பாய்வு

புத்தகத்தில் பிழை இல்லை. உங்கள் அணியின் முதல் நிரையில் இரண்டாவது உறுப்பு −4 ஆக இருக்க வேண்டும். நீங்கள் 4 என்று இட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கண்ணிகளுக்கும் பொதுவான 4 ஓம் மின்தடையின் வழியே பாய்வது அவ்விரு மின்னோட்டங்களின் வித்தியாசம். முதல் கண்ணியைச் சுற்றி வரும்போது அந்த மின்தடையில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சி, முதல் மின்னோட்டத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து 4-ஆல் பெருக்கியதாகும். இரண்டாவது நிரையில் நீங்கள் இதைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கருத்தில் குறை இல்லை, முதல் நிரையைத் தட்டும்போது ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

[6 -4 0; -4 14 -4; 0 -4 8] \ [12; 0; 0]

இதற்குப் புத்தகத்தின் விடையே வரும். முன்னதாக ஃபார்மேட் ராட் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டால், அதே எண்களை 18/7, 6/7, 3/7 என்று பின்னங்களாகவே காட்டும். கையால் போட்ட விடையோடு ஒப்பிட அது வசதி.

நீங்கள் செய்த சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை என்பதுதான் குறியைவிட முக்கியமான செய்தி. விடையை அதே அணியால் பெருக்கிப் பார்க்கும்போது, நீங்கள் கொடுத்த சமன்பாடுகளைக் கருவி ஒழுங்காகத் தீர்த்ததா என்பது மட்டுமே சோதிக்கப்படுகிறது. அது ஒழுங்காகத்தான் தீர்த்தது. ஆனால் அந்தச் சமன்பாடுகள் உங்கள் சுற்றினுடையவை அல்ல. அப்படி ஒரு சுற்றே கிடையாது. தவறான கேள்விக்குச் சரியான விடை வந்தாலும் மீதி பூச்சியமாகவே இருக்கும். ஆகவே சோதனைக்குரிய எண் நீங்கள் தட்டிய அணியிலிருந்து வரக்கூடாது, சுற்றிலிருந்து வரவேண்டும்.

மின்சுற்றில் அதற்கு மிக எளிய வழி திறன் கணக்கு. மின்கலம் தரும் திறனும் மின்தடைகள் செலவழிக்கும் திறனும் சமமாக இருந்தே தீரவேண்டும். சரியான விடையில் மின்கலம் தருவது 12 × 18/7, அதாவது 30.857 வாட். ஐந்து மின்தடைகளிலும் மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிக் கூட்டினால் 1512/49, அதுவும் 30.857 வாட், பொதுவான மின்தடைகளில் மட்டும் வித்தியாசத்தை இருமடி ஆக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. உங்கள் விடைக்கு இதையே செய்து பாருங்கள்: மின்கலம் 19.636 வாட் தருகிறது, மின்தடைகள் 12.496 வாட்தான் செலவழிக்கின்றன. மீதி 7 வாட்டுக்கு மேல் எங்கே போயிற்று என்று கேட்டால் உங்கள் அணியிடம் பதில் இல்லை.

அதைவிடவும் மலிவான சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவியே தேவையில்லை. மின்கலத்துக்கு முன்னால் 2 ஓம் தொடரில் இருக்கிறது, அதற்குப் பின்னால் 4 ஓமுக்கு இணையாக மற்றவை எல்லாம் இருக்கின்றன. 4 ஓமுக்கு இணையாக எதைச் சேர்த்தாலும் தொகுபயன் 4-க்குக் கீழேதான் இருக்கும். எனவே மொத்தத் தடை 2-க்கும் 6-க்கும் இடையில். முதல் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குக் குறையவே முடியாது. உங்களுக்கு வந்ததோ 1.6364. கட்டளையைத் தட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தால், புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டியிருக்கவே வேண்டாம்.

இடையே ஒரு செய்தி. ஆக்டேவ் என்பது இசையின் எண்சுரத்தைக் குறித்து வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரின் பெயர். கடித உறையின் பின்புறத்தில் போடும் அளவுக்குச் சுருக்கமான தோராயக் கணக்குகளுக்குப் பெயர் பெற்றவர் அவர். அந்த மென்பொருளை 1992-இல் முழுவீச்சில் எழுதத் தொடங்கிய ஜான் ஈட்டன், தமக்குப் பாடம் சொன்னவரின் பெயரை அதற்கு வைத்தார். அந்தப் பெயர் கொண்ட கருவியைத் தோராயக் கணக்குப் போடாமல் திறப்பது பொருத்தமில்லை என்பது என் கட்சி.

கடைசியாக, அணியைப் பார்த்த பார்வையிலேயே பிழை தெரிந்ததற்குக் காரணம் சமச்சீர். மின்தடைகளும் சார்பற்ற மின்மூலங்களும் மட்டும் உள்ள சுற்றில், எல்லா மின்னோட்டங்களையும் ஒரே திசையில் கொண்டால், மூலைவிட்டத்துக்கு இருபுறமும் உள்ள உறுப்புகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும். முதல் நிரையின் இரண்டாவது உறுப்பும் இரண்டாவது நிரையின் முதல் உறுப்பும் ஒரே மின்தடையைத்தான் குறிக்கின்றன. ஒன்றில் 4, மற்றதில் −4 என்று இருந்தால் ஏதோ ஒன்று தவறு.

---

மறுமொழி 2: மிதவை

பந்துக்கு வருகிறேன். ரூட்ஸ் கட்டளை சமன்பாட்டைப் பார்ப்பதில்லை, கெழுக்களின் வரிசையை மட்டுமே பார்க்கிறது. மூன்று எண்கள் கொடுத்தால் அது இருபடிச் சமன்பாடு என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் முப்படியில் ஆழத்தின் முதல் படி உறுப்பு இல்லை. இல்லாத உறுப்புக்கும் பூச்சியம் என்று இடம் ஒதுக்க வேண்டும். [1 -3 0 2.4] என்று கொடுங்கள். −0.7952, 1.1341, 2.6611 என்று மூன்று மெய்ம்மூலங்கள் கிடைக்கும்.

இவற்றுள் எது விடை என்பதைக் கருவி சொல்லாது, சொல்லவும் கூடாது. பந்தின் விட்டம் 2 மீட்டர். மூழ்கிய ஆழம் 0-க்கும் 2-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பந்தைப் பற்றிய செய்தி, பல்லுறுப்புக்கோவையைப் பற்றியது அல்ல. அந்த எல்லைக்குள் இருப்பது 1.1341 மட்டுமே. மற்ற இரண்டும் சமன்பாட்டை நிறைவு செய்தாலும் பந்தை நிறைவு செய்யவில்லை.

இங்கும் முன்கூட்டியே ஒரு தோராயம் போட்டிருக்கலாம். ஒப்படர்த்தி 0.6 என்றால் பந்தின் கனஅளவில் பாதிக்குச் சற்று மேல் மூழ்கியிருக்கும். ஆகவே ஆழம் 1 மீட்டருக்குச் சற்று மேல். எவ்வளவு மேல்? பாதிக்கு மேலான 0.1 பங்குக் கனஅளவு சுமார் 0.419 கனமீட்டர். பந்தின் நடுவில் நீர்மட்ட வட்டத்தின் பரப்பு 3.142 சதுரமீட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.133. எனவே ஆழம் ஏறத்தாழ 1.133 மீட்டர். தாளும் பென்சிலும் மட்டும் கொண்டு, உண்மையான விடையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டோம்.

இதே கணக்கை, ஒரு தொடக்க ஊகத்திலிருந்து சார்பின் மதிப்பை வகைக்கெழுவால் வகுத்துக் கழித்துப் படிப்படியாக மூலத்தை நெருங்கும் நியூட்டன்–ராப்சன் முறையில் செய்யச் சொல்லியிருந்தால், நான் மேலே போட்ட தோராயமே அதன் முதல் படி என்பது உங்களுக்குத் தெரியவரும். 1-இல் தொடங்கினால் சார்பின் மதிப்பு 0.4, வகைக்கெழு −3. அடுத்த மதிப்பு 1.1333. இன்னும் ஒரு முறை செய்தால் 1.1341. இரண்டே படிகள். ஆனால் 0.1-இல் தொடங்கிப் பாருங்கள்: முதல் தாவலிலேயே 4.26-க்குப் போய்விடும், அங்கிருந்து படிப்படியாக இறங்கி 2.6611-இல் போய் அமரும். 2 மீட்டர் விட்டமுள்ள பந்து 2.66 மீட்டர் மூழ்குகிறது என்று எந்த எச்சரிக்கையும் இன்றிக் கருவி சொல்லும். சரியாக 0-இல் தொடங்கினால் பூச்சியத்தால் வகுக்க நேரும்.

ஏன் இப்படி? சமன்பாட்டின் வகைக்கெழு, ஆழத்தையும் 2-இலிருந்து ஆழத்தைக் கழித்ததையும் பெருக்கி, −3-ஆல் பெருக்கியதாகும். நீர்மட்டத்தில் பந்தை வெட்டும் வட்டத்தின் பரப்பும், அதே பெருக்கற்பலனை π-ஆல் பெருக்கியதுதான். அதாவது நியூட்டன் முறை வகுப்பது நீர்மட்டப் பரப்பால். பந்தின் அடிமுனையிலும் உச்சியிலும் அந்தப் பரப்பு பூச்சியம். அங்கே ஆழத்தைச் சிறிது மாற்றினால் இடம்பெயரும் நீர் ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஆகவே தேவையான நீரை இடம்பெயர்க்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று அந்த முனையிலிருந்து ஊகிக்க முயன்றால் ஊகம் எங்கோ போகிறது. நான் மாணவனாக இருந்தபோது வகைக்கெழு பூச்சியமானால் முறை தோற்கும் என்று மனப்பாடம் செய்தேன். பந்தை நினைத்துப் பார்த்திருந்தால் மனப்பாடத்துக்கு வேலையே இருந்திருக்காது.

எந்தத் தொடக்கம் என்று யோசிக்க விருப்பமில்லை என்றால், எஃப்-ஸீரோ கட்டளைக்குத் தொடக்கப் புள்ளிக்குப் பதிலாக [0 2] என்ற இடைவெளியையே கொடுத்துவிடுங்கள். 0-இல் சார்பின் மதிப்பு 2.4, 2-இல் −1.6, குறி மாறுகிறது, ஆகவே இடையில் ஒரு மூலம் உறுதி. அந்த இடைவெளியை விட்டு அது வெளியே போகாது.

---

மறுமொழி 3: பைத்தான் பயன்படுத்துபவர்

மிதவை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனெனில் இதே பயிற்சியைப் பைத்தானில் செய்பவர்களும் இங்கே இருக்கக்கூடும். பைத்தானின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் உள்ள பழைய ரூட்ஸ் கட்டளை ஆக்டேவைப் போலவே உயர்ந்த படியிலிருந்து கெழுக்களை எதிர்பார்க்கிறது. அதே நம்பையின் புதிய பல்லுறுப்புக்கோவைத் தொகுப்பு மாறிலி உறுப்பிலிருந்து தொடங்குகிறது. வரிசையை மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி வராது. ஒவ்வொரு மூலத்தின் தலைகீழியும் விடையாக வரும். இந்தக் கணக்கில் அவை −1.2575, 0.3758, 0.8817. இவற்றுள் இரண்டு, 0-க்கும் 2-க்கும் இடையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன! கலப்பெண் வந்தது உங்கள் நல்ல காலம். அது தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. 0.8817 மீட்டர் என்று வந்திருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். பாதிக்கு மேல் மூழ்க வேண்டும் என்ற தோராயம் ஒன்றுதான் இதைப் பிடிக்கும்.

பெருக்கல் குறியிலும் கவனம் வேண்டும். ஆக்டேவில் * என்றால் அணிப்பெருக்கல், .* என்றால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். நம்பை அணிவரிசைகளில் * என்பதே உறுப்புக்கு உறுப்பு பெருக்கல், அணிப்பெருக்கலுக்கு @ குறி.

---

மறுமொழி 4: கையால் போடுபவர்

எனக்கு இதில் சற்றே மாற்றுக் கருத்து உண்டு. மூன்று சமன்பாடுகளையும் ஒரு முப்படியையும் தீர்க்க மென்பொருள் எதற்கு? முதலாண்டில் கையால் நீக்கல் முறையில் தீர்த்துப் பழகினால், குறி விட்டுப்போன இடம் விரலுக்கே தெரியும்.

---

மறுமொழி 5: எண்முறைகள்

கையால் போடுபவரின் அக்கறை நியாயமானதே. ஆயினும் குறி விட்டுப்போவது கையாலும் நடக்கும். பிறகு அதே தவறான சமன்பாட்டில் விடையைப் போட்டுப் பார்த்து மகிழ்வதும் நடக்கும். மூன்று கண்ணிகளில் பழகும் சோதனைகள்தாம் முப்பது கண்ணிகளுக்கும் கைகொடுக்கும். அங்கே கையால் நீக்குவது யாராலும் ஆகாத காரியம்.

மூன்றாவது கணக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன். உங்கள் மடக்கில் பிழை, நேரம் 2-க்குச் சமமா என்று கேட்பதில் இருக்கிறது. கணினி எண்களை இரும முறையில், 53 இரும இலக்கங்களுக்கு வைத்துக்கொள்கிறது; 1985-இல் ஐ-ட்ரிபிள்-ஈ 754 என்ற தரநிலையாக வந்தது முதல் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இதுவே நடைமுறை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுத முயன்றால் 0.333 என்று முடிவில்லாமல் போவதைப் போல, பத்தில் ஒரு பங்கை இருமத்தில் எழுத முயன்றாலும் முடிவில்லாமல் போகும். எங்கேயோ வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டிய எண்ணைப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். இருபது முறை கூட்டும்போது 2-ஐ மயிரிழையில் தாண்டி, 2.0000000000000004 என்று வருகிறது. சமமா என்று கேட்டால் இல்லை என்பதே நேர்மையான பதில்; மடக்கு அதற்கடுத்து 2.1, 2.2 என்று ஓடிக்கொண்டே இருக்கும். 0.5 என்பதோ இரண்டில் ஒரு பங்கு. இருமத்தில் அதற்கு ஒரே ஓர் இலக்கம் போதும், வெட்டுவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் அந்தப் படியில் ஒழுங்காக நின்றது. படியின் அளவைத் தவிர வேறொன்றும் மாற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாற்ற வேண்டியதும் படி அல்ல, நிறுத்தும் விதிதான்.

திரையில் இதெல்லாம் தெரியாது, ஏனெனில் ஆக்டேவ் இயல்பாகச் சில இலக்கங்களை மட்டுமே காட்டுகிறது. உள்ளே இருப்பதைக் காண ஃபார்மேட் லாங் என்று கொடுக்க வேண்டும். தீர்வு எளிது. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், படிகளை எண்ணுங்கள்: 1 முதல் 20 வரை சுற்றி, நேரம் வேண்டுமானால் எண்ணிக்கையை 0.1-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முழு எண்கள் இந்தத் தொல்லை தருவதில்லை.

மடக்கு நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலைதான் சுவையானது. இந்தக் கணக்குக்கு நேரடி விடை உண்டு: 2 வினாடியில் 7.5854 வோல்ட். 0.5 வினாடிப் படியில் உங்களுக்கு வந்தது 8.2031, பிழை 0.618. 0.1 வினாடிப் படியில் 7.6982 வரும், பிழை 0.113. 0.05 வினாடியில் 7.6412, பிழை 0.056. படியைப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழ பாதியாகிறது; ஆய்லர் முறை முதல் வரிசை முறை என்பதற்கு இதுவே பொருள். நேரடி விடை இல்லாத சமன்பாடுகளிலும் இதைப் பயன்படுத்தலாம்: படியைப் பாதியாக்கிப் பாருங்கள், விடை எவ்வளவு நகர்ந்ததோ ஏறக்குறைய அவ்வளவு பிழை இன்னும் மிச்சம் இருக்கிறது. 7.6982-இலிருந்து 7.6412-க்கு நகர்ந்தது 0.057, மிச்சமிருக்கும் பிழையும் 0.056.

ஒரு முறை, வேண்டுமென்றே, படியை 5 வினாடி என்று வைத்தும் பாருங்கள். மின்தேக்கியின் மின்னழுத்தம் 0, 30, −15, 52.5 என்று ஊஞ்சலாடி வளர்ந்துகொண்டே போகும். 12 வோல்ட் கொடுக்கும் சுற்றில் 52.5 வோல்ட்! இங்கே கூட்டலில் பிழையில்லை, சமன்பாட்டிலும் பிழையில்லை. நேர மாறிலியின் இரண்டு மடங்கான 4 வினாடியைப் படி தாண்டிவிட்டது, அதைத் தாண்டினால் ஆய்லர் முறை இந்தச் சமன்பாட்டில் நிலைகுலையும்.

முதல் கணக்கைப் பற்றியும் ஒன்று. மீதி பூச்சியம் என்பது சமன்பாடு சரியா என்று சொல்லாது என்றார் முதல் மறுமொழி எழுதியவர். சமன்பாடு சரியாகவே இருந்தாலும், மீதி சிறியது என்பதால் விடை சரி என்றும் ஆகிவிடாது. இதைப் போட்டுப் பாருங்கள்:

[1 1; 1 1.0001] \ [2; 2]

விடை 2, 0. இதற்குப் பதிலாக 1, 1 என்று ஒருவர் விடை சொன்னால், போட்டுப் பார்க்கும்போது மீதி வெறும் 0.0001. விடையோ முழுக்கவே வேறு. இரண்டு சமன்பாடுகளும் ஏறக்குறைய ஒரே கோட்டைக் குறிப்பதால், அவை வெட்டும் இடம் எங்கே என்பது ஒரு சிறு அசைவிலும் வெகுதூரம் நகர்கிறது. கான்ட் என்ற கட்டளை இந்த அணிக்குச் சுமார் 40,000 என்று காட்டும். உள்ளிடும் எண்களில் உள்ள பிழை விடையில் அத்தனை மடங்கு வரை பெருகலாம் என்பது அதன் பொருள். உங்கள் சுற்றின் அணி அப்படிப்பட்டதல்ல, கவலை வேண்டாம். ஆய்வகத்தில் அளந்த எண்களை அணியில் இடும் நாளில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மறுமொழி 6: முதலாண்டு மாணவி

அனைவருக்கும் நன்றி. புத்தகத்தின் மேல் சுமத்திய பழியைத் திரும்பப் பெறுகிறேன். 20 படிகளை எண்ணும் மடக்கு 7.6982 என்று காட்டி நின்றது. நியூட்டன் முறையை 0.1-இல் தொடங்கிப் பார்த்தேன். மிதவை சொன்னபடியே 2.6611-க்குப் போயிற்று. 1.9-இல் தொடங்கினால் எதிர்ப்பக்கம் தாவி −0.7952-க்குப் போகிறது, உச்சியிலும் நீர்மட்டப் பரப்பு சிறியது என்பதால் அது வியப்பாக இல்லை. தாளில் இருந்த எறிபொருள் கணக்கில் 30-இன் சைன் −0.9880 என்று வந்தது. மேல்நோக்கி எறிந்த பொருள் கீழே போவதாக இருந்ததால், கோணத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும் என்பதை இம்முறை நானாகவே கண்டுகொண்டேன்.

ஆனால் பயிற்சித் தாளின் அடுத்த கணக்கில் திறன் சோதனை கைவிட்டுவிட்டது. அதே சுற்றில், மூன்றாவது கண்ணியில் ஒரு சார்பு மின்மூலம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் மின்னழுத்தம் முதல் மின்னோட்டத்தின் இரண்டு மடங்கு, திசை மூன்றாவது மின்னோட்டத்துக்குத் துணையாக. அதை இடப்பக்கம் கொண்டுவந்து இப்படி எழுதினேன்:

[6 -4 0; -4 14 -4; -2 -4 8] \ [12; 0; 0]

2.7692, 1.1538, 1.2692 ஆம்பியர் என்று வருகிறது. மொத்தத் தடையைப் பற்றிய தோராயம் இங்கே செல்லுமா என்று தெரியவில்லை. அணி சமச்சீராக இல்லை. மின்கலம் தருவது 33.23 வாட், மின்தடைகள் செலவழிப்பது 40.26 வாட். போன முறை 7 வாட் காணாமல் போயிற்று, இந்த முறை 7.03 வாட் எங்கிருந்தோ வந்திருக்கிறது. குறிகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

---

மறுமொழி 7: கண்ணிப் பகுப்பாய்வு

குறிகள் சரி, விடையும் சரி. சார்பு மின்மூலம் வந்துவிட்டால் சமச்சீரை எதிர்பார்க்கக்கூடாது; மூன்றாவது நிரையில் உள்ள −2 எந்த மின்தடையையும் குறிக்கவில்லை, அதற்கு முதல் நிரையில் இணை இருக்க வேண்டியதில்லை. 2 ஓமுக்கும் 6 ஓமுக்கும் இடையில் என்ற தோராயமும் மின்தடைகள் மட்டும் இருந்தால்தான் செல்லும். இங்கே அது தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது.

திறன் சோதனை கைவிடவில்லை. நீங்கள் ஒரு மின்மூலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். சார்பு மின்மூலத்தின் மின்னழுத்தம் 2 × 2.7692, அதாவது 5.5385 வோல்ட், அதன் வழியே பாயும் மின்னோட்டம் 1.2692 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்.